திருமணம் எதனால் நிலைக்கிறது, எதனால் முறிகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணவன் மனைவி உறவு குறித்து ஆலோசனை கேட்பவர்களும், தமக்காகக் கேட்கத் தயங்கி நண்பருக்காகக் கேட்பதாகச் சொல்பவர்களும் மீண்டும் மீண்டும் எழுப்பும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. விடைகளில் கணிசமான பகுதி, தம்பதியரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து நடத்தப்பட்ட ஆய்வுகளிலிருந்து வருகிறது. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை. அங்கே மாமியார் பக்கத்து அறையில் இருப்பதில்லை, சீர் வரிசைக் கணக்கும் கிடையாது. எனவே அவை நம் வீடுகளுக்கு எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை அந்தந்த விடையிலேயே சொல்லியிருக்கிறேன்.

நம் நாட்டில் விவாகரத்து மிகக் குறைவுதானே? அப்படியானால் நம் திருமணங்கள் நன்றாக நிலைக்கின்றன என்றுதானே பொருள்?

விவாகரத்து குறைவு என்பது உண்மை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் விவாகரத்துப் பெற்ற நிலையில் இருந்தவர்கள் சுமார் 13.6 லட்சம் பேர். ஆனால் அதே கணக்கெடுப்பில், சட்டப்படி விவாகரத்து வாங்காமல் பிரிந்து வாழ்பவர்களின் எண்ணிக்கை அதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. தாய்வீட்டுக்கு வந்து பத்து ஆண்டாகியும் தாலியைக் கழற்றாத பெண்ணும், "வெளியூர்ல வேலை" என்று சொல்லிக்கொண்டு தனியறையில் காலந்தள்ளும் ஆணும் இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு பிள்ளைகள் வழியாக மட்டும் பேசிக்கொள்பவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. எனவே இந்தப் பக்கத்தில் 'நிலைப்பது' என்ற சொல், இருவரும் விரும்பிச் சேர்ந்திருப்பதையே குறிக்கிறது.

காதல் திருமணம் நிலைக்குமா, பெரியவர்கள் பார்த்து வைத்த திருமணம் நிலைக்குமா?

எந்த வகைத் திருமணம் என்பதை மட்டும் வைத்து எதையும் கணிக்க முடியாது. பெரியவர்கள் பார்த்து வைத்த திருமணத்தில் அன்பு ஆண்டுக்கு ஆண்டு வளரும், காதல் திருமணத்தில் அது தேயும் என்று பட்டிமன்ற மேடைகளில் அடித்துச் சொல்வார்கள். இதற்குப் பெரும்பாலும் ஆதாரமாகக் காட்டப்படுவது, 1982இல் உஷா குப்தா, புஷ்பா சிங் ஆகியோர் ஜெய்ப்பூரில் நடத்திய ஆய்வு. அதில் பங்கேற்றவர்கள் 50 தம்பதியர் மட்டுமே. அமெரிக்காவில் வாழும் இந்தியர்களிடம் நடத்தி 2012இல் வெளியான மற்றொரு சிறிய ஆய்வில், அன்பிலும் மனநிறைவிலும் இரு வகையினருக்கும் இடையே வேறுபாடு தென்படவில்லை.

தவிரவும், இன்றைய தமிழ்நாட்டில் இந்த இரண்டையும் பிரிக்கும் கோடே மங்கிவிட்டது. நான்கைந்து ஆண்டு காதலித்துவிட்டுக் கடைசியில் இரு வீட்டாரும் பொருத்தம் பார்த்து மண்டபம் பிடித்த கதைகளும் உண்டு. நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் இடைப்பட்ட மாதங்களில் விடிய விடியப் பேசி, தாலி கட்டும்போது காதலர்களாகிவிட்டவர்களும் உண்டு.

வேறுபாடு உண்மையில் தெரிவது, சிக்கல் வரும்போது யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதில்தான். சாதி மறுத்துக் காதலித்து மணந்தவர்களுக்கு, சண்டை போட்டுவிட்டு இரண்டு நாள் போய் இருக்கவும் ஒரு வீடு இருக்காது. "நீயா தேடிக்கிட்டது, நீயே அனுபவி" என்ற ஒரு வாக்கியத்துக்குப் பயந்தே பலர் வாயைத் திறப்பதில்லை. பெரியவர்கள் பார்த்து வைத்த திருமணத்தில் நிலைமை நேர்மாறு. காலையில் நடந்த வாக்குவாதம் மாலைக்குள் நான்கு பெரியவர்களின் காதுக்குப் போய், இருவருக்குள் ஆறிப்போயிருக்க வேண்டியது இரு குடும்பங்களின் மானப் பிரச்சினையாகிவிடும்.

எல்லாப் பொருத்தமும் பார்த்துத்தான் செய்தோம். பிறகு ஏன் இப்படி?

நட்சத்திரப் பொருத்தத்தைப் பற்றி இங்கே விவாதிக்கப் போவதில்லை. ஆனால் படிப்பு, சம்பளம், குணம், குடும்பம் என்று நாம் அலசிப் பார்க்கும் மற்றப் பொருத்தங்கள் பற்றி ஒரு பெரிய ஆய்வு உண்டு. 2020இல் சமந்தா ஜோயல் என்ற உளவியலாளரின் தலைமையில் 86 ஆய்வாளர்கள் தங்களிடமிருந்த 43 தரவுத் தொகுப்புகளை ஒன்றுசேர்த்து, 11,196 ஜோடிகளின் விவரங்களைக் கணினியில் இட்டு, உறவில் ஒருவர் காணும் நிறைவை எதை வைத்துக் கணிக்க முடிகிறது என்று பார்த்தார்கள். முன்னுக்கு வந்தவை இவை: தன் துணை இந்த உறவை விட்டுப் போகமாட்டார் என்ற நம்பிக்கை, தன்னை அவர் மதிக்கிறார் என்ற உணர்வு, தாம்பத்திய நிறைவு, துணையும் மகிழ்ச்சியாக இருக்கிறார் என்ற எண்ணம், சண்டையின் அளவு. ஒருவருக்கும் இன்னொருவருக்கும் நிறைவில் உள்ள வேறுபாட்டில் 45 விழுக்காடு வரை இத்தகைய, உறவைச் சார்ந்த காரணிகளால் விளக்க முடிந்தது. ஒருவரது சொந்த இயல்புகளால், அதாவது மனச்சோர்வு, பதற்றம், வாழ்க்கை பற்றிய பொதுவான திருப்தி போன்றவற்றால் விளக்க முடிந்தது 21 விழுக்காடு வரை. துணையைப் பற்றிய விவரங்களோ, இவற்றுக்கு மேல் ஏறக்குறைய எதையும் சேர்க்கவில்லை.

வரன் பார்க்கும் தளங்களில் நாம் வடிகட்டுவதெல்லாம் இந்தக் கடைசி வகையைத்தான். இதனால் யாரை மணந்தாலும் ஒன்றுதான் என்று ஆகிவிடாது. குடிப்பழக்கமும் கை நீட்டும் குணமும் உள்ளவரை மணந்தால் நடுவில் என்ன நல்லது நடக்க முடியும்? ஆனால் பெரிய குறை எதுவும் இல்லாத இருவரைப் பொறுத்தவரை, அவர்கள் யார் என்பதைவிட அவர்களுக்கிடையே அன்றாடம் என்ன நடக்கிறது என்பதே கணக்கில் நிற்கிறது. ஆகவே திருமணத்துக்கு முன் பேச வாய்ப்புக் கிடைத்தால், பிடித்த நடிகர், பிடித்த நிறம் என்று கேட்பதோடு நிறுத்தாமல், ஒரு விஷயத்திலாவது மாற்றுக் கருத்துச் சொல்லிப் பார்ப்பது நல்லது. கடன் எவ்வளவு, பெற்றோருக்கு மாதம் எவ்வளவு கொடுக்க வேண்டும், பெண் வேலையைத் தொடர்வாளா என்ற கேள்விகளுக்கு அவர் தரும் பதிலையும், அந்தக் கேள்விகளையே அவர் எடுத்துக்கொள்ளும் விதத்தையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

எங்களுக்குள் அடிக்கடி சண்டை வருகிறது. இது முறிவின் அறிகுறியா?

சண்டை வருவதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் காட்மன் என்பவர் 1986இல் ஒரு ஆய்வுக்கூடம் அமைத்தார். தம்பதியரை உட்காரவைத்து, அவர்களுக்குள் தீராமல் இருக்கும் ஒரு பிரச்சினையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசச் சொல்லி, முகபாவத்தையும் குரலையும் நாடித்துடிப்பையும் பதிவு செய்து, சில ஆண்டுகள் கழித்து யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது அவருடைய முறை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த ராபர்ட் லெவன்சன் இதில் அவருக்குக் கூட்டாளி. இந்த ஆய்வுகளில் தெரியவந்த ஒன்று பலருக்கு ஆறுதலாக இருக்கும்: தம்பதியர் சண்டையிடும் விஷயங்களில் சுமார் 69 விழுக்காடு எப்போதும் தீராதவை. ஒருவர் செலவாளி, ஒருவர் சிக்கனம். ஒருவருக்கு வீடு நிறைய உறவினர் வேண்டும், ஒருவருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்க வேண்டும். நன்றாக வாழும் தம்பதியரிடமும் இவை அப்படியேதான் இருந்தன. அவர்கள் அதே விஷயத்தைப் பற்றி ஆண்டுதோறும் பேசிக்கொண்டே, சமயத்தில் சிரித்தும் கொண்டே வாழ்கிறார்கள்.

இன்னொன்று, சண்டைக்கு நடுவிலும் இருந்த விகிதம். நிலைத்த தம்பதியரிடம் ஒரு கசப்பான வார்த்தைக்கு அல்லது முகச்சுளிப்புக்கு ஏறக்குறைய ஐந்து நல்ல அசைவுகள் இருந்தன: ஒரு தலையசைப்பு, "அது சரிதான்" என்று ஒத்துக்கொள்ளுதல், ஒரு கேலி, தோளில் ஒரு தட்டு. முறியப் போகிறவர்களிடம் இந்த விகிதம் ஒன்றுக்கு ஒன்று என்ற அளவுக்குக் கீழே இறங்கிவிடுகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. காட்மன் 90 விழுக்காட்டுக்கு மேல் சரியாக விவாகரத்தைக் கணித்துவிடுவார் என்று பரவலாக எழுதப்படுகிறது. யார் பிரிந்தார்கள் என்று தெரிந்த பிறகு, அந்தத் தரவுக்கே பொருந்தும்படி அமைத்த சூத்திரங்களிலிருந்து வந்த எண் அது. புதிய தம்பதியரிடம் சோதித்துப் பார்க்காமல் இதைக் கணிப்பு என்று சொல்லலாகாது என்று மற்ற ஆய்வாளர்கள் 2001இலேயே சுட்டிக்காட்டினார்கள். அவருடைய கண்டறிதல்களை எச்சரிக்கைக் குறிப்புகளாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் எந்த வகைச் சண்டை ஆபத்தானது?

காட்மன் நான்கைக் குறிப்பிடுகிறார். குறையைச் செயலின் மீது சொல்லாமல் ஆளின் மீது சொல்வது. தன் பக்கம் தவறே இல்லை என்று எதிர்வாதம் செய்துகொண்டே இருப்பது. வாயை இறுக மூடிக்கொண்டு சுவரைப் போல உட்கார்ந்துவிடுவது. இவை எல்லாவற்றையும்விடக் கேடானது, இளக்காரம்.

முதலாவதையும் கடைசியையும் அருகில் வைத்துப் பார்க்கலாம். கரண்ட் பில் கட்ட மறந்து மின்சாரம் துண்டிக்கப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "பில் கட்டலியா? பிள்ளைக்கு நாளைக்குப் பரீட்சை, எனக்குப் பதறுது" என்பது புகார். "உங்களுக்கு வீட்டு ஞாபகமே கிடையாது, என்னைக்கு இருந்துச்சு?" என்பது ஆளின் மீது விழும் குறை. உதட்டைச் சுழித்து, "உங்க வம்சமே இப்படித்தான். இதுல மேனேஜராம்" என்பது இளக்காரம். முதல் வாக்கியத்துக்கு மன்னிப்பும் உடனே போனை எடுத்துப் பணம் கட்டுவதும் பதிலாக வரலாம். மூன்றாவதற்கு வரக்கூடிய பதில் ஒன்றுதான். அது அந்த வம்சத்துக்கும் இந்த வம்சத்துக்குமான சண்டை.

நம் வீடுகளில் இளக்காரம் பெரும்பாலும் சொல்லிக்காட்டுவதன் வடிவில் வருகிறது. கல்யாணத்தில் போட்ட நகை, தலைதீபாவளிக்குச் செய்யாமல் விட்டது, பெண் பார்க்க வந்த அன்று யாரோ சொன்ன ஒரு சொல் என்று பதினைந்து ஆண்டுப் பழைய கணக்குகள் ஒவ்வொரு சண்டையிலும் புதிதாக எடுத்து வைக்கப்படுகின்றன. பிறர் முன்னிலையில் துணையை மட்டம் தட்டிப் பேசுவதும், பிள்ளைகளிடம் "உங்கப்பனுக்கு என்ன தெரியும்" என்பதும் இதே வகைதான். பலர் இதை வேடிக்கை என்று எண்ணிச் செய்கிறார்கள். கேட்டுக்கொண்டு நிற்பவர் சிரிக்கிறாரா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்தால் போதும்.

சண்டை எப்படித் தொடங்குகிறது என்பதும் முக்கியம். 1999இல் வெளியான ஓர் ஆய்வில், புதிதாக மணமான 124 தம்பதியரின் வாக்குவாதத்தில் முதல் மூன்று நிமிடங்களை மட்டும் பார்த்தபோதே, பின்னாளில் பிரிந்தவர்களின் பேச்சு மற்றவர்களுடையதிலிருந்து வேறுபட்டுத் தெரிந்தது. கடுமையாகத் தொடங்கிய பேச்சு பெரும்பாலும் கடுமையாகவே முடிகிறது.

பேச ஆரம்பித்தாலே கணவர் எழுந்து போய்விடுகிறார். என்ன செய்வது?

ஒருவர் துரத்தித் துரத்திக் கேட்பதும் மற்றவர் விலகி விலகிப் போவதும் உலகெங்கும் காணப்படும் வடிவம். கேட்பவர் பெரும்பாலும் மனைவியாகவும் விலகுபவர் கணவராகவும் இருக்கிறார்கள். விலகுபவர் அலட்சியமாக இருப்பதாகத் தோன்றும். ஆனால் வாக்குவாதத்தின்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிய நிலையில் ஒருவரால் எதிரே இருப்பவர் சொல்வதை உள்வாங்கிக்கொள்ள முடிவதில்லை என்பதையும் காட்மன் குழுவினர் பதிவு செய்திருக்கிறார்கள். உடல் தணியக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும். எனவே எழுந்து போவதில் தவறில்லை. திரும்பி வருவேன் என்று சொல்லாமல் போவதுதான் தவறு. "இப்ப என்னால பேச முடியல, சாப்பிட்ட பிறகு பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், சாப்பிட்ட பிறகு அவராகவே வந்து பேச்சை எடுக்க வேண்டும். இரண்டாவதைச் செய்யாதவரின் முதல் வாக்கியத்தை அடுத்த முறை யாரும் நம்பமாட்டார்கள்.

நாட்கணக்கில் பேசாமல் இருப்பது இதில் சேராது. அது தண்டனை.

எங்களுக்குள் சண்டையே கிடையாது. ஆனால் ஒட்டுதலும் இல்லை. இது பரவாயில்லையா?

சண்டை போடும் தம்பதியரைவிட இவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். காட்மனும் லெவன்சனும் 14 ஆண்டுகள் பின்தொடர்ந்த தம்பதியரில், சீக்கிரம் விவாகரத்துப் பெற்றவர்கள் சராசரியாக மணமாகி 5.6 ஆண்டுகளிலும், தாமதமாகப் பெற்றவர்கள் 16.2 ஆண்டுகளிலும் பிரிந்தார்கள். முதல் வகையினரிடம் கடுஞ்சண்டை இருந்தது. இரண்டாம் வகையினரிடம் சண்டையைவிட, அன்போ ஆர்வமோ சிரிப்போ இல்லாத வறட்சியே தெரிந்தது.

வறட்சி எப்படி வருகிறது என்பதைக் காண ஒரு மாலை நேரம் போதும். வேலையிலிருந்து வந்த மனைவி அடுப்படியில் நின்றபடி, "இன்னைக்கு மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் என் ரிப்போர்ட்டைத்தான் மேடம் எடுத்துக் காட்டினாங்க" என்கிறார். கூடத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் கணவர், "ம்ம். சட்னி அரைச்சாச்சா?" என்கிறார். இதில் சண்டை எதுவும் இல்லை. அவர் கெட்டவரும் இல்லை, பசி. ஆனால் மனைவி எதையோ நீட்டினார், வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. இது வாரத்தில் பல முறை, ஆண்டுக்கணக்கில் நடந்தால், ஒரு கட்டத்தில் அவர் அந்தச் செய்தியைத் தன் தங்கைக்கோ தோழிக்கோ சொல்லப் பழகிவிடுவார். வீட்டில் அமைதி நிலவும்.

ஷெல்லி கேபிள் என்ற ஆய்வாளர் இதைத் தனியாக ஆராய்ந்தார். துன்பத்தில் துணை எப்படி ஆதரிக்கிறார் என்பதைப் போலவே, சில அளவுகளில் அதைவிட அதிகமாகவும், நல்ல செய்தி சொல்லும்போது துணை எப்படி ஏற்கிறார் என்பது உறவின் நலத்தோடு தொடர்புகொண்டிருந்தது. போனைக் கீழே வைத்துவிட்டு, "என்ன ரிப்போர்ட், அந்த மூணு நாளா ராத்திரி உக்காந்து பண்ணினியே அதா?" என்று கேட்க அரை நிமிடம்தான் ஆகும்.

மாமியார், மாமனார், பிறந்த வீடு. இவர்கள் தலையீட்டை எப்படிக் கையாள்வது?

தமிழ்க் குடும்பங்களில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1986 முதல் 373 தம்பதியரைப் பின்தொடர்ந்த டெர்ரி ஆர்பக் என்ற ஆய்வாளர் இதில் ஒரு வினோதத்தைக் கண்டார். கணவர் தன் மனைவியின் பெற்றோரோடு நெருக்கமாக இருந்த திருமணங்களில் பிரிவின் வாய்ப்பு 20 விழுக்காடு குறைந்திருந்தது; மனைவி தன் மாமியார் மாமனாரோடு தொடக்கத்திலேயே மிக நெருக்கமாக இருந்தவற்றில் அது 20 விழுக்காடு கூடியிருந்தது. மருமகன் வீட்டுக்கு வந்தால் மனைவிக்குத் தன் வீட்டார் மதிக்கப்படுகிறார்கள் என்ற நிறைவு. மருமகளோ, எல்லைக்கோடு போட வழியின்றி, சமையல் முதல் குழந்தை வளர்ப்பு வரை ஒவ்வொரு யோசனையையும் தலையீடாக உணரத் தொடங்குகிறாள் என்று ஆர்பக் விளக்குகிறார். தனிக்குடித்தனம் வழக்கமாக உள்ள நாட்டிலேயே இந்த நிலை. இரண்டாவது பகுதியை நம் ஊருக்கு அப்படியே பொருத்த முடியாது. மாமியாரோடு ஒத்துப்போகாமல் கூட்டுக்குடும்பத்தில் நிம்மதி ஏது? முதல் பகுதி மட்டும் இங்கேயும் பொருந்தும் என்பது என் துணிபு. ஆடிக்கும் தீபாவளிக்கும் விருந்தாளியாக வந்து மாப்பிள்ளை முறுக்கோடு உட்கார்ந்திருக்காமல், மாமனாருக்கு உடம்பு முடியாதபோது ஆஸ்பத்திரியில் ஓர் இரவு தங்கும் மருமகனைப் பற்றி மனைவி மனத்தில் என்ன எண்ணம் பதியும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

நடைமுறையில் உதவும் விதி ஒன்றுண்டு. அவரவர் பெற்றோரிடம் அவரவரே பேச வேண்டும். மாமியாரிடம் சொல்ல வேண்டிய கசப்பான விஷயத்தை மருமகள் வாயால் சொல்லவைப்பதும், "எங்க அம்மா அப்படித்தான், நீதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவதும் சண்டையை இரு பெண்களுக்கு இடையிலானதாக மாற்றிவிடுகின்றன. தலைப்பு மாமியார் என்று இருந்தாலும், மனைவியின் குறை பெரும்பாலும் தன் பக்கம் ஒரு வார்த்தை பேசாத கணவர் மீதுதான். இதுவே மனைவிக்கும் பொருந்தும்: தினமும் அம்மாவிடம் ஒரு மணி நேரம் போனில் வீட்டு விவரம் முழுவதையும் ஒப்பிக்கும் பழக்கத்தால், தம்பதியர் சமாதானமான பின்னும் அம்மா சமாதானமாகாமல் இருப்பார்.

தனிக்குடித்தனம் போவது சில வீடுகளுக்கு நல்ல தீர்வு. ஆனால் அது இருவரும் சேர்ந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும்.

பணத்தால்தான் எல்லாச் சண்டையும் வருகிறது. இதற்கு வழி?

பற்றாக்குறை உறவை நெருக்கும் என்பது உண்மையே. ஆனால் ஆலோசனைக்கு வரும் பணச் சண்டைகளில் பெரும்பாலானவற்றில் காயம் தொகையால் ஏற்பட்டதாக இருப்பதில்லை. மறைத்ததால் ஏற்பட்டதாக இருக்கிறது. தங்கையின் வளைகாப்புக்காக மனைவியின் ஐந்து பவுன் சங்கிலியை அவரிடம் கேட்காமல் எடுத்து அடகு வைத்த கணவர், "மீட்டுத் தரத்தானே போறேன்" என்கிறார். அவர் மீட்டும் தந்துவிடக்கூடும். ஆனால் அந்தச் சங்கிலி மனைவியின் பெயரில் இருந்த ஒரே சொத்தாக இருக்கலாம், அது அவருடைய அப்பா கடன் வாங்கிப் போட்டதாகவும் இருக்கலாம். கேட்டிருந்தால் தானே கழற்றிக் கொடுத்திருப்பேன் என்று அவர் சொல்வதும் வழக்கம். சம்பளம் எவ்வளவு என்பதை மறைக்கும் கணவரும், சீட்டுப் போட்டிருப்பதை மறைக்கும் மனைவியும் இதன் சிறு வடிவங்கள்.

பெற்றோருக்கு அனுப்பும் தொகையை இரு பக்கமும் வெளிப்படையாக, மாதத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டால் பாதிச் சண்டை குறையும். சம்பாதிக்கும் மனைவி தன் பெற்றோருக்கு அனுப்புவதும் இதில் அடங்கும்.

இருவரும் வேலைக்குப் போகிறோம். வீட்டு வேலை மட்டும் ஏன் என் தலையில்?

2019இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், செய்யும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டார்கள். வீட்டு வேலையே செய்யாத ஆண்கள் இந்தச் சராசரியில் சேரவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். "சொன்னா செய்வேனே" என்று கணவர்கள் சொல்வது நேர்மையானதுதான். ஆனால் எண்ணெய் தீர்ந்துவிட்டதா, பிள்ளைக்குத் தடுப்பூசி என்றைக்கு, நாளைக்கு எந்த யூனிஃபார்ம் என்று நினைவில் சுமந்து, பிறகு அதைச் சொல்லவும் வேண்டியிருப்பதே பாதி வேலை. காலைச் சிற்றுண்டி, பள்ளி, மருந்து என்று ஏதேனும் ஒரு பொறுப்பை நினைவில் வைப்பது உட்பட முழுமையாக எடுத்துக்கொள்வது, பத்து வேலைகளில் 'உதவி' செய்வதைவிடப் பயன் தரும்.

ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே?

ஆகாது. 218 தம்பதியரை எட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வில், முதல் குழந்தை பிறந்ததும் மணவாழ்வின் நிறைவு திடீரென இறங்கியது. ஏற்கனவே சிக்கல் இருந்தவர்களுக்கு அது பெருகியது. தூக்கமின்மை ஒன்றே போதும் நல்லவர்களையும் சிடுசிடுக்கவைக்க. நம் வழக்கப்படி தாய்வீட்டில் நடக்கும் பேறுகாலம் பெண்ணுக்கு ஓய்வு தருகிறது. ஆனால் மூன்று முதல் ஐந்து மாதம் வரை தந்தை விருந்தாளியாகவே இருந்துவிட்டு, பிறகு குழந்தையைத் தூக்கவும் தெரியாதவராக நிற்கும் நிலையையும் அது உண்டாக்குகிறது. வாரக் கடைசியில் போய் இரண்டு இரவாவது குழந்தையோடு விழித்திருப்பது நல்லது.

துணைக்கு வேறு உறவு இருந்தது தெரிந்துவிட்டது. இனிச் சேர்ந்து வாழ முடியுமா?

சிலரால் முடிகிறது. அமெரிக்காவில் மணமுறிவுக்கான காரணத்தைக் கேட்ட ஓர் ஆய்வில் அதிகமானோர் சொன்னது இதைத்தான், எனவே இதை இலேசாகச் சொல்ல முடியாது. மீள்பவர்களிடம் பொதுவாகக் காணப்படுவது, அந்த உறவு முழுமையாக நின்றுவிட்டிருப்பதும், ஏமாற்றியவர் கேள்விகளுக்கு எரிச்சலின்றித் திரும்பத் திரும்பப் பதில் சொல்வதும்தான். "அதான் மன்னிப்புக் கேட்டாச்சே, இன்னும் எத்தனை நாள்?" என்று இரண்டாம் வாரமே சலித்துக்கொள்பவரோடு இது நடக்காது.

கணவர் அடிக்கிறார். ஆலோசனைக்குச் சென்றால் திருந்துவாரா?

இந்தப் பக்கத்தில் சொன்ன எதுவும் இந்தக் கேள்விக்குப் பொருந்தாது. மென்மையாகப் பேசத் தொடங்குவதும் விட்டுக்கொடுப்பதும் இரு பக்கமும் அச்சமின்றிப் பேசக்கூடிய உறவுக்கு உரியவை. அடி விழும் வீட்டில் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசவைப்பது, அங்கே சொன்னதற்காக வீட்டில் மீண்டும் அடி வாங்கவைக்கும். முதலில் பாதுகாப்பு. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைக்கலாம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு ஆணையும், கணவர் வீட்டிலேயே தங்கியிருக்கும் உரிமைக்கான ஆணையும் பெறலாம். அதற்கு விவாகரத்து கேட்க வேண்டியதில்லை. "ஒரு அடிதானே, பொறுத்துப் போ" என்று சொல்லும் உறவினரின் ஆலோசனையை ஏற்க வேண்டாம்.

பிள்ளைகளுக்காகச் சேர்ந்து வாழ்வது சரியா?

வீட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது. பால் அமாட்டோ, ஆலன் பூத் ஆகிய சமூகவியலாளர்களின் நீண்டகால ஆய்வில், கடுஞ்சண்டை நிலவிய வீடுகளின் பிள்ளைகள் பெற்றோர் பிரிந்த பின் சராசரியில் நலமாக இருந்தார்கள். பெரிய சண்டை இல்லாத வீடுகளில் திடீரென நிகழ்ந்த பிரிவுதான் பிள்ளைகளை அதிகம் பாதித்தது. ஒட்டுதல் குறைந்திருக்கிறதே தவிர அச்சமோ வன்முறையோ இல்லை என்றால், முயன்று பார்க்கப் பிள்ளைகள் நல்ல காரணம். ஒவ்வோர் இரவும் போர்வைக்குள் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சேர்ந்திருப்பது பிள்ளைக்குச் செய்யும் உதவி ஆகாது.

ஆலோசனை உண்மையில் பயன் தருமா? எப்போது போக வேண்டும்?

அமெரிக்காவில் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் குழுவினர், நீண்ட நாள் கடும் சிக்கலில் இருந்த 134 தம்பதியருக்கு இரு வகை உளச்சிகிச்சை அளித்து, முடிந்து ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, ஏறக்குறைய பாதிப் பேர் தெளிவான முன்னேற்றத்தில் இருந்தார்கள். நான்கில் ஒரு பங்கினர் பிரிந்திருந்தார்கள். மோசமான நிலையில் வந்தவர்களுக்கு இது நல்ல விளைவு. சொந்தபந்தம் கூடிப் பேசும் பஞ்சாயத்து இதற்கு மாற்றாகாது, ஏனெனில் அங்கே உட்காரும் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு பக்கத்து ஆள்.

எப்போது என்றால், ஒரே சண்டை அதே வார்த்தைகளோடு திரும்ப வருவதை இருவரும் கவனிக்கும்போது. வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகு வருபவர்களில் பலர் சேர வழி தேடி வருவதில்லை, முயன்றேன் என்று சொல்லிக்கொள்ள வருகிறார்கள்.

ஆலோசகரிடம் போகத் தயங்குபவர்களுக்கு ஒரு சிறிய பயிற்சி உண்டு. எலி ஃபிங்கல் குழுவினர் 120 தம்பதியரை இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். இரண்டாம் ஆண்டில் பாதிப் பேரிடம் மட்டும், அண்மைச் சண்டை ஒன்றை இருவருக்கும் நல்லது நினைக்கும் மூன்றாம் ஆள் ஒருவர் எப்படிப் பார்ப்பார் என்று, முறைக்கு ஏழு நிமிடமாக மூன்று முறை எழுதச் சொன்னார்கள். எழுதியவர்களின் மணநிறைவு சரிவது நின்றது. மற்றவர்களுக்குத் தொடர்ந்து சரிந்தது. ஒரு நோட்டுப் புத்தகம்தான் செலவு.

குடும்பநல நீதிமன்றத்துக்குப் போனால் என்ன நடக்கும்? உடனே பிரித்துவிடுவார்களா?

இல்லை. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டப்படி, முதலில் சேர்த்துவைக்க முயல வேண்டியது நீதிமன்றத்தின் கடமை. அதற்காக ஆலோசகரிடமோ சமரச மையத்துக்கோ அனுப்புவார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005இல் தொடங்கிய சமரச மையம் இந்தியாவில் இவ்வகையில் முன்னோடி. அங்கே பேசியதை வழக்கில் சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது என்பதால் மனம் விட்டுப் பேசலாம்.

இந்துத் திருமணச் சட்டத்தில் 1976இல் சேர்க்கப்பட்ட 13பி பிரிவின்படி, ஓராண்டு பிரிந்து வாழ்ந்தவர்கள் இருவரும் சம்மதித்து விவாகரத்து கோரலாம். மனு போட்ட பின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். சேர வாய்ப்பே இல்லை என்பது தெளிவாகி, குழந்தை, ஜீவனாம்சம் போன்றவை முடிவாகிவிட்ட வழக்குகளில் அந்தக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் கூறியது. மீளவே முடியாதபடி முறிந்துவிட்ட திருமணத்தை, ஒருவர் சம்மதிக்காவிட்டாலும், அரசியலமைப்பின் 142ஆவது பிரிவின்கீழ் தானே கலைக்கலாம் என்று 2023 மே மாதம் தீர்ப்பளித்தது; இந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும்தான், குடும்பநல நீதிமன்றத்துக்கு இல்லை. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் சம்மத விவாகரத்து உண்டு. கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் வேறு சட்டங்கள்.

சம்மதம் கொடுத்துவிட்டு மனம் மாறினால்?

இறுதி ஆணை பிறக்கும்வரை இருவரில் ஒருவர் தம் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1991இல் சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. காத்திருக்கும் மாதங்களில் சேர்ந்துவிடும் தம்பதியர் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் சம்மதத்தைத் திரும்பப் பெறுபவர் எல்லோரும் சேர்ந்து வாழ விரும்பிச் செய்வதில்லை. நகைப் பட்டியல், ஜீவனாம்சத் தொகை, குழந்தையைப் பார்க்கும் நாட்கள் ஆகியவை வாய்மொழியாக மட்டும் பேசப்பட்டு, பிறகு தகராறாகி நின்றுபோன மனுக்களும் உண்டு. எனவே சேரும் வாய்ப்பு இல்லை என்று முடிவெடுத்தவர்கள், இவை அனைத்தையும் மனு போடும் முன்பே எழுத்தில் வைத்து இருவரும் கையெழுத்திட்டுவிடுவது நல்லது.